முன் பெட்டியின் பதில்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றியது. சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அப்பா டார்ச் பிடித்திருந்தார். குடிநீர் நிறுவனத்தின் பம்ப் நிலையத்தில் அழுத்தமானிகளைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர் நான். எனக்கு அது பத்து நிமிட வேலை. அப்பாவின் கை நிலையாக இல்லாததால் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

நடுவில் அவர் ஒரு கதை சொன்னார். நைல் பெருக்கெடுத்த வருடம் ஒரு படகில் இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் பிரசவ வலி. மருத்துவச்சி ஒருத்திதான். குழந்தைகள் மாறிப்போகின்றன. மருத்துவச்சிக்கு அது மறுநாளே தெரிந்துவிடுகிறது. ஆனால் முப்பது வருடம் வாய் திறக்காமலே இருந்து செத்துப்போகிறாள்.

“சினிமாவா?” என்றேன்.

“இல்லம்மா. ட்ராம்ல ஒரு சண்டை. புத்தகச் சண்டை. நீ சொல்லு, அவ சொல்லியிருக்கணுமா?”

“சொல்லியிருக்கணும்.”

“முப்பது வருஷம் கழிச்சுமா?”

“கசிவு முப்பது வருஷமா இருந்தாலும் கசிவுதான், பாபா. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க.”

காட்டினார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. குழாய் சொட்டுவது நின்றது.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு, ஸ்போர்ட்டிங் நிறுத்தத்தில், ட்ராமின் முதல் பெட்டியிலிருந்து இறங்கி மூன்றாம் பெட்டிக்கு நடந்துகொண்டிருந்தவர், இரண்டாம் பெட்டியின் கதவுக்கு நேரே நடைமேடையில் விழுந்தார். ஐம்பத்தொன்பது வயது. இதயம் என்றார்கள். தகவல் வந்தபோது நான் இரண்டாம் எண் பம்பின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். 6.2 என்று எழுதினேன். அதன்பின் எழுதியது எதுவும் என் கையெழுத்து போல இல்லை. மாலைத் தொழுகைக்கு முன் அவரைப் புதைத்துவிட்டோம். முந்தின நாள் டார்ச் பிடித்தவர். எனக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பாவின் பெயர் ஃபிக்ரி அபுல்நகா. அலெக்சாந்திரியாவின் ராம்லே வழித்தடத்தில் முப்பத்து மூன்று வருடம் டிக்கெட் கொடுத்தவர். விக்டோரியாவிலிருந்து ராம்ல் நிலையம் வரை, திரும்ப விக்டோரியா வரை. அவித்த மொச்சையில் சீரகத்தை அள்ளிப் போட்டுக்கொள்வார். மழையில் குடை பிடிக்க மாட்டார். சில்லறை இல்லை என்று யாரையும் இறக்கிவிட்டதில்லை. மேலதிகாரிகளுக்கு அவரிடம் ஒரே குறைதான்: நிறுத்தங்களில் அதிக நேரம் பேசுகிறார்.

பேசியது உண்மை. அவர் பேசியது பெரும்பாலும் மற்றவர்களின் பேச்சு.

முதல் பெட்டி பெண்களுக்கானது. அதில் ஏறி இறங்கக்கூடிய ஒரே ஆண் கண்டக்டர்தான். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருநாள், முதல் பெட்டியில் நர்ஜிஸ் என்கிற அம்மா ஒரு தடித்த நாவல் படிப்பதைப் பார்த்திருக்கிறார். மின்சார அலுவலகத்தில் பில் வாங்கும் கவுண்டரில் வேலை பார்த்தவர், புல்கிலியில் ஏறி நாலாவது இருக்கையில் உட்கார்வார். மூன்றாம் பெட்டியில் ஷாக்கிர் உஸ்தாத், நீதிமன்றத்தில் தீர்ப்புகளுக்கு நகல் எழுதி ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர், ருஷ்தியில் ஏறி வேறொரு நாவல் படிப்பார்; ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அப்பா சும்மா இருக்கவில்லை. முன்னால் ஓர் அம்மா இன்ன புத்தகம் படிக்கிறார் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றாமலே, “அதையா? நூறாம் பக்கத்துல தூக்கிப் போடச் சொல்லு” என்றாராம். அப்பா இறங்கிப் போய் முன்னால் சொன்னார். “இவரை யார் கேட்டாங்கன்னு கேளுங்க” என்று பதில் வந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதம் அந்த அம்மா ஒரு புத்தகம் சிபாரிசு செய்வார், அடுத்த மாதம் இவர். புத்தகங்கள் அப்பாவின் தோல்பையில் டிக்கெட் கட்டுகளோடு பெட்டி மாறின. கூடவே ஏச்சும் மாறியது. பின் பெட்டிக்காரருக்குக் கதை வேண்டாம், கையெழுத்தும் முத்திரையும் போட்ட தீர்ப்பு வேண்டும் என்பார் அந்த அம்மா. முன் பெட்டி அம்மாவுக்கு நாலு பேர் செத்தால்தான் அது நாவல் என்பார் இவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கடைசி நிறுத்தத்தில் பெண்கள் பெட்டி காலியாகும்வரை உஸ்தாத் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

இதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு. அம்மா, பெயர் இக்பால், ஒருமுறை கேட்டார்: இவ்வளவு சொல்கிறீர்களே, அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா? அப்பா சிரித்தார். “நான் தபால்காரன். கடிதத்தைப் பிரிக்கலாமா?”

நான் அதை நம்பினேன். அப்பா வீட்டில் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை.

தெருவில் பந்தல் போட்டு மூன்று மாலைகள் துக்கம் கேட்டார்கள். ஆண்கள் கீழே, பெண்கள் மேலே எங்கள் வீட்டில். முதல் நாள் ஒரு தாதி வந்தாள். தினமும் முதல் பெட்டியில் வருபவள். உங்கள் அப்பா எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்தபின் நாலாவது இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறுத்தம்வரை சும்மா நிற்பார், உதடு மட்டும் அசையும், ஏதோ ஓதுகிறார் என்று நினைத்துக்கொள்வோம் என்றாள். எல்லோரும் ஆமோதித்தார்கள். நல்ல மனிதரைப் பற்றிச் சொல்கிற வார்த்தையாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஷாக்கிர் உஸ்தாத் வந்தார். கீழே ஆண்களோடு சர்க்கரை போடாத துக்கக் காப்பி குடித்துவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல், மூன்று மாடி ஏறி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே பெண்கள் இருந்ததால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். எழுபத்தொரு வயது. மூச்சு வாங்கியது. இறந்த வீட்டில் சொல்ல வேண்டியதை முறையாகச் சொன்னார்: அவருடைய ஆயுளில் மிச்சமிருந்தது உங்களுக்குச் சேரட்டும்.

பிறகு சுவரைப் பார்த்தபடியே, “இது கேக்கிற இடம் இல்லம்மா. எனக்கு வேற இடமும் தெரியலை. முன் பெட்டியிலேர்ந்து எனக்கு ஒரு பதில் வரணும். உங்கப்பா அதைத்தான் எடுத்துட்டு வந்துட்டிருந்தார்” என்றார்.

உள்ளே என் சித்தி, செத்த வீட்டில் வந்து புத்தகமா என்று முனகினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் சொன்னது இது. மனைவி போய் நாலு வருடமாகிறது. மகன் தாந்தாவில் இருக்கிறான். அங்கே வந்துவிடு என்கிறான். வீடு பழைய வாடகை வீடு, நாற்பத்தேழு வருடமாக இருப்பது. சாவியை ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் அலெக்சாந்திரியாவில் அவருக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கொடுப்பதாகப் பேச்சு. அதற்குமுன், பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, நர்ஜிஸ் அம்மாவிடம் ஒன்று கேட்டு அனுப்பியிருந்தார். ராம்ல் நிலையத்துப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை, கண்ணாடி ஓரம், நாலு பேர் பார்க்கிற இடம். ஒரு மணி நேரம் நேருக்கு நேர் உட்கார்ந்து சண்டை போடலாமா? ஞாயிற்றுக்கிழமை பதில் கொண்டுவருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார்.

“வர்றேன்னு அந்தம்மா சொல்லியிருந்தா நான் சாவியைக் குடுக்கப் போறதில்ல. மகன் கத்தட்டும். இந்த ஊர்ல என்கிட்ட சண்டை போட இன்னும் ஒரு ஆள் இருக்குன்னு சொல்லிடுவேன். வரலைன்னா கிளம்பிடுவேன். எதுவானாலும் எனக்குத் தெரியணும்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போது அது எனக்குச் சுலபமான வேலையாகத் தெரிந்தது. ஓர் அலுவலகம், ஒரு கவுண்டர், ஒரு கேள்வி.

புதன்கிழமை மின்சார அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த நர்ஜிஸ்? நர்ஜிஸ் ஹன்னாவா? அவங்க போய் நாலு வருஷம் ஆச்சேம்மா.”

“எங்கே போயிட்டாங்க?”

“எங்கேன்னா? இறந்துட்டாங்க.”

சரிபார்க்கச் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், ‘சரிபார்த்துச் சொல்லுங்க’ என்று. தப்பான பில்லோடு வந்து சத்தம் போடுகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். போன வியாழக்கிழமை சாப்பிடும்போதுதான் அப்பா, நர்ஜிஸ் அம்மா இன்று என்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்தார். பின் பெட்டிக்காரர் காதல் கதையைக்கூடக் குற்றப்பத்திரிகை மாதிரி படிக்கிறார் என்று அந்த அம்மா சொன்னாராம். சிரித்ததில் என் அம்மாவுக்குப் புரையேறிற்று. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது யார்?

கவுண்டர்காரர் இறங்கி வந்து நாற்காலி போட்டார். நர்ஜிஸ் அம்மாவின் தங்கை மார்செல் மொஹர்ரம் பே பகுதியில் இருப்பதாகச் சொல்லி முகவரி எழுதிக் கொடுத்தார்.

மார்செல் கதவைத் திறந்தார். நான் கண்டக்டரின் மகள் என்றதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அப்பா இறந்ததை நான் சொல்ல, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அழுதார். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னார்.

வயிற்றில் வந்த நோய். ஆறு மாதம். டாக்டரும் மார்செலும் கூடிப் பேசி, குடல்புண் என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரிய நோயின் பெயரை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் மனம் விட்டுவிடுவார்கள் என்பார்கள். நர்ஜிஸ் அம்மா அதை நம்பி, முடிந்தவரை ட்ராமில் வேலைக்குப் போனார். அடுத்த கோடையில் கடல் பக்கம் அறை எடுக்கப் பணம் கட்டினார். ஒருநாள் மருத்துவமனையில் ஒரு புது எழுத்தர் கோப்பை நேராக அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். படிக்கத் தெரிந்தவர். இறப்பதற்குப் பதினாறு நாள் முன்பு.

“மூணு நாள் என்கூடப் பேசலை. நாலாம் நாள் வாயைத் திறந்து என்ன சொன்னா தெரியுமா? ‘அந்த மருத்துவச்சி விஷயத்துல பின் பெட்டிக்காரர் சொன்னதுதான் சரி. சொல்லியிருக்கணும். நான்தான் தப்பு. கண்டக்டர் வந்தா இதை அவர்கிட்ட சொல்லி அனுப்பு’ன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. என்னைத் திட்டறாளா, கதை பேசறாளான்னு தெரியலை.”

அடக்கம் முடிந்த வாரம் அப்பா இந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. மார்செல் அந்த வார்த்தையை அவரிடம் ஒப்பித்து, உஸ்தாதின் புத்தகங்கள் நாலையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்று அப்பா அழுதபடி போனாராம்.

“சொன்னாரா?” என்று கேட்டார் மார்செல்.

முகவரித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

வியாழக்கிழமை ட்ராம் பணிமனைக்குப் போனேன். அப்பாவின் அலமாரியைத் திறந்துவிட்டு, பொறுப்பாளர் மரியாதையாக வெளியே போய் நின்றார். மாற்றுச் சட்டை. சீரக டப்பா. துணிப்பை, நாலு புத்தகங்களோடு. அதற்குப் பின்னால் இன்னும் முப்பது, நாற்பது புத்தகங்கள், நடைபாதைக் கடைகளில் வாங்கியவை. எல்லாவற்றிலும் டிக்கெட் செருகியிருந்தது. கோடு போட்டிருந்தது. ஓரத்தில் பென்சில் எழுத்து, அப்பாவின் எழுத்து.

கீழே ஒரு கட்டுத் தாள். பழைய பணித்தாள்கள். பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தார். தன் பெயரில் அல்ல, நர்ஜிஸ் அம்மாவாக. ஒரே பதிலை மூன்று முறை, நாலு முறை, அடித்து அடித்து. மருத்துவச்சி நாவலைப் பற்றி மட்டும் பதினொரு தாள்கள். ஒன்றில் இப்படி இருந்தது: ‘பின் பெட்டிக்காரரே, முப்பது வருடம் கழித்துச் சொல்வதில் பாரம் இறங்குவது சொல்கிறவளுக்கு. கேட்கிறவன் அன்றைக்குத்தான் அதைத் தூக்க ஆரம்பிக்கிறான். உங்கள் நீதிமன்றத்தில் இதற்கு என்ன பெயர்?’ கடைசிக் கேள்வியைச் சேர்ப்பதற்கு முன் அதை இரண்டு முறை வேறு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்.

கூடத்தைத் தாண்டி எதிர் அறையில் முப்பத்து நாலு வருடம் இருந்த மனிதர். படிக்கிறவர் என்றே எனக்குத் தெரியாது. இப்படி வாதாடுகிறவர் என்று சுத்தமாகத் தெரியாது. நாலு வருடம் அவர் தினமும் பெண்கள் பெட்டியில் ஏறி, யாரும் இல்லாத ஒரு பதிலை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

மேலாக இருந்த தாள் சனிக்கிழமை தேதியிட்டது. ‘வருகிறேன்’ என்று எழுதி அடித்திருந்தது. ‘என்னால் வர இயலாது’ என்று எழுதி அடித்திருந்தது. அடியில் ‘உஸ்தாத், மன்னிக்க வேண்டும், நான்’ என்பதோடு நின்றிருந்தது. அந்த ‘நான்’ யார் என்று அந்தத் தாளில் இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைக் காட்டினேன். அம்மா அவற்றைக் கையால் தொடவே இல்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். அந்த அம்மா தங்கை மகனோடு கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிடு, முடிந்தது என்றார். நான் முடியாது என்றேன்.

“ஏன் முடியாது? மண்ணு காயலைடீ. அதுக்குள்ள உங்கப்பாவை ஊருக்குப் பொய்யன்னு காட்டணுமா? அந்தக் கிழவருக்கு மட்டும் என்ன கிடைக்கப் போகுது?”

“அவர் வீட்டை வெச்சுக்கிறதா விடுறதான்னு உக்காந்திருக்கார்மா. இல்லாத ஆளுக்காக.”

“நாலு வருஷம் இல்லாத ஆளோடதானே சந்தோஷமா இருந்தார். கெட்டா போயிட்டார்?”

அப்பாவின் பதினொரு தாள்களிலும் இருந்தது இதே வாதம்தான். அம்மா அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை குழாய்க்கடியில் படுத்துக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொன்னதை. முகத்தைப் பார்க்காமல், டார்ச்சைத் திருப்பச் சொல்லிக்கொண்டே சொன்னதை. அப்பா உண்மையைச் சொல்ல நடந்து போகும்போது விழுந்தாரா, இன்னொரு பொய்யோடு போகும்போது விழுந்தாரா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கருவியும் அதைச் சொல்லாது. அம்மா எழுந்து போய் அந்தக் குழாயை ஒருமுறை திறந்து மூடினார்.

“போய்ச் சொல்லு. வாசல்லயே நின்னு சொல்லிட்டு வா. காப்பி குடிக்காதே” என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ருஷ்தியில் உஸ்தாதின் வீட்டு மணியை அடித்தேன். வாசலிலேயே நிற்க விடவில்லை. கூடத்தில் பாதிப் பெட்டிகள் கட்டியிருந்தன. மீதிப் பெட்டிகள் திறந்து கிடந்தன. துணிப்பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பதிலோடு புத்தகமும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அதற்குமேல் தாமதிக்கக் கூடாது என்று உட்காராமலே சொன்னேன். நர்ஜிஸ் ஹன்னா இறந்து நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பின் வந்த பதில்கள் எல்லாம் என் அப்பா எழுதியவை.

நான் இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அவர் பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். பிறகு எந்த மாதம் என்று கேட்டார். பிப்ரவரி என்றேன். தேதி கேட்டார். சொன்னேன்.

“கண்டக்டரா?” என்றார். குரல் உயர்ந்தது. “நாலு வருஷமா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சது டிக்கெட் குடுக்கிற ஃபிக்ரியா? குற்றப்பத்திரிகைன்னு சொன்னது? உங்க கோர்ட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்டது?”

“ஆமா.”

“மூஞ்சியில ஒரு அசைவு இல்லாம என் முன்னாடி நின்னு சொல்லுவானே. நான் பதில் சொன்னா, ‘சொல்றேன் உஸ்தாத்’னு இறங்கிப் போவானே.”

அப்பாவை யாரும் அவன் இவன் என்று பேசி நான் கேட்டதில்லை. பொறுத்துக்கொண்டேன். அவருக்கு அதற்கு உரிமை இருந்தது.

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். அங்கிருந்து ட்ராம் கம்பிகள் தெரியும். பிப்ரவரியில் அந்த வாரம்தான் என் மனைவியைப் புதைத்தேன் என்றார். எட்டாம் நாள் ட்ராமில் ஏறினாராம். ஃபிக்ரி வந்து முன்னால் நின்றான், வாயைத் திறந்தான், ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“முன்னாடி என்ன சொன்னாங்கன்னு சொல்லு, வேற எதையும் இன்னைக்கு என்னால கேக்க முடியாதுன்னேன். நான்தான் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் ஏதோ சொன்னான். நான் சிரிச்சேன். அந்த எட்டு நாள்ல முதல் சிரிப்பு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கட்டி வைத்த பெட்டிகளைப் பார்த்தேன்.

கொண்டுவந்ததில் இன்னொன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன். நர்ஜிஸ் அம்மா சாகுமுன் சொல்லி அனுப்பியது. மருத்துவச்சி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, சொல்லியிருக்க வேண்டும், நான்தான் தப்பு என்று. எதைப் படித்துவிட்டு அப்படிச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அப்பா இதை உங்களிடம் கொண்டுவரவே இல்லை என்றேன்.

உஸ்தாத் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நடைமேடையில் விழுந்தவர்களைச் சுற்றி நிற்பவர்களின் பார்வை அது.

“ஒத்துக்கிட்டாளா?” என்றார். “அவளா?”

“ஆமா.”

“நான் போன மாசம் அவகிட்ட ஒத்துக்கிட்டேன்மா.”

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். நாலு வருடம் அந்த ஒரு புத்தகத்தை விடாமல் வாதாடி, கடைசியில் அந்தப் பாரம் இறங்குகிற வாக்கியம் வந்தபோது, அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு ஃபிக்ரியிடம், முன் பெட்டியில் போய்ச் சொல், நீங்கள் சொன்னதுதான் சரி, அந்த மருத்துவச்சி வாய் திறக்காமல் இருந்ததுதான் நல்லது, நான் தோற்றேன் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் நேரில் பார்க்கலாமா என்று கேட்கும் தைரியமே வந்தது.

“சொல்லிட்டேன்னான். ரொம்ப நேரம் சிரிச்சாங்கன்னு வேற சொன்னான்.”

கீழே ட்ராம் ஒன்று போயிற்று. அவர் எழுந்து, திறந்து கிடந்த பெட்டி ஒன்றில் அந்த நாலு புத்தகங்களையும் வைத்து மூடினார். பதில் வந்துவிட்டது, வியாழக்கிழமை சாவியைக் கொடுத்துவிடலாம் என்றார். இன்னும் ஒரு வாரம் யோசியுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். யாரிடம் சண்டை போட யோசிப்பது என்றார்.

நான் கிளம்பும்போது கதவுவரை வந்தார். அந்த அம்மாவை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேட்டார். ஷாத்பியில், ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே, காப்டிக் கல்லறைத் தோட்டத்தில் என்றேன்.

“நாலு வருஷம் தினமும் அதைத் தாண்டிப் போயிருக்கேன்.”

பிறகு சொன்னார்:

“என்னால அங்க போய் நிக்க முடியாதும்மா. எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? நீ போய்ச் சொல்லிட்டு வா. உங்கப்பா சொல்லிட்டேன்னு சொல்லிச் சொல்லாம விட்டது அது. நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லு.”

“இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீங்களா, உஸ்தாத்? இதையெல்லாம் கேட்டதுக்கு அப்புறமும்?”

“அதைக் கேக்காதே. சொல்லி அனுப்பினதை மட்டும் கொண்டு போ. கண்டக்டர் பொண்ணுதானே.”

ஒரு கல்லறையிடம் ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்வதா, எழுதி வைப்பதா? அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மார்செலுக்குத் தொலைபேசியில் விவரம் கேட்டேன். கல்லறை இடதுபுறம் மூன்றாவது வரிசையில், கடைசியில். காவலாளி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் திறப்பான்.